காட்டிக் கொடுக்காதவரும் காட்டிக் கொடுத்த கதிரும்

சூளையிலிருந்து எடுத்த பீங்கானை நம்ம விருத்தாசலத்தில் விரலால் சுண்டிப் பார்ப்பதைக் கவனிச்சிருப்பீங்க. கணீர்னு கேட்டால் நல்ல சரக்கு. மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். உடைக்காமலே உள்ளே பார்க்க ஒரு கதிரைக் கொடுத்தவர் வில்ஹெம் ராண்ட்ஜன். இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு, 1901-ல், இவருக்குத்தான். ஆனால் சூரிச்சில் இவர் டிப்ளமோ வாங்கியது எதில் தெரியுமா? நம்ம மெக்கானிக்கல்!

1845-ல் ஜெர்மனியில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்தவர். உட்ரெக்ட் தொழில்நுட்பப் பள்ளியில் ஓர் ஆசிரியரைக் கேலி செய்து யாரோ படம் வரைய, பழி இவர்மேல் விழுந்தது. வரைந்தவன் பெயரை இவர் சொல்லவில்லை. பள்ளியை விட்டே அனுப்பிவிட்டார்கள். பள்ளிச் சான்றிதழ் இல்லாமலும் சேர்த்துக்கொண்ட சூரிச் பாலிடெக்னிக்தான் கைகொடுத்தது.

1895 நவம்பர் 8. வூர்ட்ஸ்பர்க் ஆய்வகம். கறுப்பு அட்டையால் மூடிய குழாயில் மின்சாரம் பாய்ச்சியபோது, தள்ளியிருந்த பேரியம் பூசிய திரை ஒளிர்ந்தது. டிசம்பர் 22-ல் மனைவியின் கையைப் படமெடுத்தார். எலும்பும் மோதிரமும் தெரிந்தன.

இனிமேதான் விஷயம். அதே கிறிஸ்துமஸ் சமயத்தில் கனடாவின் மான்ட்ரியலில் ஒருவர் காலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. டாக்டர்கள் தேடியும் கிடைக்கவில்லை. 1896 பிப்ரவரியில் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் காக்ஸ் முக்கால் மணி நேரம் கதிரைப் பாய்ச்சிப் படமெடுத்தார். முழங்காலுக்குக் கீழே, இரண்டு எலும்புகளுக்கு நடுவில் குண்டு! டாக்டர்கள் அதை எடுத்தார்கள். படம் சுட்டவனுக்கு எதிராக நீதிமன்றம் ஏறியது. கதிரைக் கண்டுபிடித்து நாலு மாசம்கூட ஆகலை, பாருங்க.

இன்னிக்கு நம்ம கோர்ட்டுகளில், வயதுக்குச் சான்றிதழ் இல்லாதவரின் மணிக்கட்டையும் முழங்கையையும் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எலும்பு முனைகள் எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்பதை வைத்து வயதைக் கணிக்கிறார்கள். பதினெட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் ஒரு பையனின் வாழ்க்கையே இருக்கு. ஆனால் இந்தக் கணக்கு இரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம் என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2015 சிறார் நீதிச் சட்டமும் பள்ளி, பிறப்புச் சான்றிதழ்கள் இல்லாதபோதுதான் எலும்பைப் பார்க்கச் சொல்கிறது. எனக்கு இது ரொம்ப நியாயமாகப் படுது. நிழல் பொய் சொல்லாது. அதைப் படிக்கிற மனுஷன் தவறலாம்.

ராண்ட்ஜன் காப்புரிமை எடுக்கவில்லை. நோபல் பணத்தையும் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். 1923 பிப்ரவரி 10-ல் மியூனிக்கில் இறந்தார். எல்லாருடைய உள்ளையும் காட்டியவர், தன் கடிதங்களையும் குறிப்புகளையும் எரிக்கச் சொல்லி எழுதி வைத்திருந்தார். எரித்தும்விட்டார்கள்.