முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி (ஜூலை 30, 1886 – ஜூலை 22, 1968) தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவர், சமூகச் சீர்திருத்தவாதி. பிரித்தானிய இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண் இவரே. வளரிளம் பெண்களின் உடல்நலத்தை வீட்டுக்குள் அடங்கிய செய்தியாக விடாமல் சட்டமன்றத்தின் முன் கொணர்ந்தவர்.

இளமையும் கல்வியும்

புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பருவமடைந்த பெண்களைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. முத்துலட்சுமியின் பள்ளிப் படிப்பும் அப்பருவத்தோடு நின்றது. தந்தை வீட்டிலேயே கற்பிக்க, தனித் தேர்வராக மெட்ரிகுலேசன் தேறினார். மன்னர் கல்லூரியில் பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. தாயின் குலமும் குறையாகச் சொல்லப்பட்டது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்த பின்னரே இடம் கிடைத்தது. 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912 இல் பட்டம் பெற்றார். பின் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணிபுரிந்தார். 1914 இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். பெண்கள், குழந்தைகள் நோய் குறித்த உயர்பயிற்சிக்காக 1925 இல் இங்கிலாந்து சென்றார்.

சட்டமன்றப் பணி

1926 இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட இவர், அதன் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது மாகாண முதலமைச்சராக இருந்தவர் இன்றைய நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார் ப. சுப்பராயன். அவருடைய மனைவி ராதாபாய் சுப்பராயனும் பெண்ணுரிமைக்காக உழைத்தவர். முதல் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்டார்.

உள்ளாட்சி அமைப்புகள் நடத்திய பள்ளிகளில் மாணவர்களுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று முத்துலட்சுமி வலியுறுத்தினார். வீட்டில் வாய்விட்டுச் சொல்லப்படாத நோய்கள் மருத்துவர் கண்ணில் படுவதற்கு அன்று பள்ளியை விட நல்ல இடம் வேறில்லை. ஆனால் மணமான சிறுமிகள் பள்ளியிலேயே இருப்பதில்லை. ஆகவே பரிசோதனை மட்டும் போதவில்லை. திருமண வயதையும் உயர்த்த வேண்டியிருந்தது. இடுப்பெலும்பு முழுவளர்ச்சி அடையாத சிறுமிக்குப் பேறு தடைப்படும். தாய், சேய் இருவர் உயிருக்கும் அது கேடு. 1928 இல் பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 எனத் திருமண வயதை உயர்த்தக் கோரும் தீர்மானத்தைக் கொணர்ந்தார். மறு ஆண்டு நடுவண் சட்டமன்றம் நிறைவேற்றிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்ற அளவிலேயே நின்றது. அச்சட்டமும் ஏட்டளவில் இருந்ததே மிகுதி எனலாம்.

சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்தும் சட்டமுன்வரைவு கொண்டுவந்தார். காந்தி கைதானதைக் கண்டித்து 1930 இல் பதவி விலகினார். பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டம் 1947 இல்தான் நிறைவேறியது.

பிற்காலம்

ஆதரவற்ற பெண்களுக்காக 1930 இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் 1954 இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. 1956 இல் பத்ம பூசண் விருது பெற்றார்.

பெண்ணின் திருமண வயது 18 ஆக உயர்ந்தது 1978 இல், இவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின். எனினும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன் மணமானவர்கள். ஏழைக் கருவுற்ற பெண்களுக்கான தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. அவ்வுதவியைப் பெற 19 வயது நிறைந்திருக்க வேண்டும்.