குகை இருளில் விலங்கின் வரலாறு கண்டவர் : இராபர்ட் புரூஸ் ஃபூட்

மதுரை மாநகரைச் சூழ்ந்து ஆனைமலை, நாகமலை, பசுமலை, சமணர்மலை, அழகர்மலை எனக் குன்றுகள் பல நிற்கின்றன. தமிழ் பயிலும் நாம் இவற்றைக் கல்வெட்டுகளின் வாயிலாகவே பெரிதும் அறிந்திருக்கிறோம். மாங்குளத்துக் குகைத்தளங்களில் உள்ள தமிழ்ப் பிராமி எழுத்துகள் நம் மொழியின் தொன்மைக்குச் சான்று பகர்கின்றன. ஆயின் எழுத்துத் தோன்றும் முன்னரே எழுதப்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அது மண்ணிலும் கல்லிலும் எலும்பிலும் எழுதப்பட்டது. அதனைப் படிக்கத் தென்னாட்டில் வழி காட்டியவர் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஆவார். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை ஆய்ந்து 1883ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட இப்பெருமகனாரின் வாழ்வை நம் மாணவர் அறிதல் நலம்.

பிறப்பும் பணியும்

ஃபூட் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் பிறந்தார். 1858ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். பாறைகளின் வகையையும் கனிமங்களின் இருப்பையும் கண்டறிந்து நிலப்படம் வரைவதே அவருக்கு இடப்பட்ட பணி. அப்பணியை 33 ஆண்டுகள் ஆற்றி 1891இல் ஓய்வு பெற்றார். பின்னர் பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்கும் நிலவியல் அறிஞராகத் தொண்டு புரிந்தார்.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் செம்புரான்கல் சரளைக் குழி ஒன்றில் மனிதனால் செதுக்கப்பட்ட கல் ஒன்றை அவர் கண்டெடுத்தார். அஃது இந்திய வரலாற்றின் எல்லையையே பின்னோக்கித் தள்ளியது. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்னும் உடன் பணியாளரோடு கொற்றலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார். அங்குள்ள பழைய கற்காலக் கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என 2011இல் வெளியான ஆய்வு நிறுவியது.

தமிழ்த் தொடர்பு

தமிழ்த்துறையினர் மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. ஃபூட், பீட்டர் பெர்சிவல் என்னும் தமிழறிஞரின் மருமகனார். பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத் தமிழாக்கப் பணியில் ஈடுபட்டவர். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கியவர். 6,000க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874இல் வெளியிட்டவர். மாமனார் மக்கள் நாவில் வழங்கிய பழஞ்சொற்களைத் தொகுத்தார். மருமகனார் மண்ணில் கிடந்த பழம்பொருள்களைத் தொகுத்தார். சிதறிக் கிடப்பன அழியுமுன் திரட்டிப் பதிதல் வேண்டும் என்னும் கவலை இருவர்க்கும் பொதுவாக இருந்தது.

பில்லசுர்க்கம் குகைகள்

நம் குன்றுகளிலும் குகைகள் உள்ளன. அங்கெல்லாம் பழைய விலங்கின் எலும்புகள் ஏன் கிடைக்கவில்லை என்று மாணவர் வினவக்கூடும். மதுரைக் குன்றுகள் பெரும்பாலும் கடினமான நைஸ் பாறையால் ஆனவை. அவற்றின் குகைகள் மழைக்கு ஒதுங்கும் பாறை நிழல்களே. அங்கு விழுந்த எலும்பு வெயிலிலும் மழையிலும் மக்கிப் போகும். சுண்ணாம்புக்கல் குகையின் இயல்பு வேறு. மழைநீர் பாறையைக் கரைத்து ஆழமான அறைகளைக் குடைகின்றது. கரைந்த சுண்ணாம்பு மீண்டும் சொட்டி இறுகி எலும்பின் மேல் கவசம் போலப் படிகின்றது. கழுதைப்புலியும் முள்ளம்பன்றியும் இழுத்து வந்த எலும்புகள், ஆந்தை உமிழ்ந்த எலியின் பற்கள், அங்கேயே வாழ்ந்து மடிந்த வௌவால்கள் ஆகிய அனைத்தும் அடுக்கடுக்காக மண்ணுள் தங்கிவிடுகின்றன. கீழடுக்கு முந்தையது, மேலடுக்குப் பிந்தையது என்னும் எளிய விதியைக் கொண்டே அறிஞர் அவற்றைப் படிக்கின்றனர்.

அத்தகைய குகைகள் அன்றைய கர்நூல் மாவட்டத்தில் பேதம்செர்லாவுக்கு அருகே இருந்தன. இன்று அப்பகுதி ஆந்திர மாநிலத்து நந்தியால் மாவட்டத்தில் உள்ளது. பில்லசுர்க்கம் எனப்படும் அக்குகைகளில் எலும்புகள் இருப்பதை 1844ஆம் ஆண்டிலேயே நியூபோல்டு என்னும் படைத்தலைவர் எழுதியிருந்தார். நாற்பதாண்டுகள் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. இங்கிலாந்தின் உயிரியல் பேரறிஞர் ஹக்ஸ்லி சென்னை ஆளுநர் கிராண்ட் டஃப் அவர்களிடம் அக்குகைகளை ஆராய வேண்டுமென வலியுறுத்தியதன் பயனாக 1884இல் அப்பணி ஃபூட்டிடம் வந்தது. தாமே நெடுநாள் தங்க இயலாமையால், படைத்துறையில் பணியாற்றிய தம் மகன் ஹென்றியிடம் அகழ்வை ஒப்படைத்தார்.

தந்தையும் மகனும் திரட்டிய எலும்புகளை ரிச்சர்ட் லைடெக்கர் என்னும் தொல்லுயிரியல் அறிஞர் ஆய்ந்து 1886இல் முடிவுகளை வெளியிட்டார். காண்டாமிருகம், காட்டுப்பன்றி, புனுகுப்பூனை, முள்ளம்பன்றி, இன்று ஆப்பிரிக்காவில் மட்டுமே வாழும் புள்ளிக் கழுதைப்புலி எனப் பல விலங்குகள் அப்பட்டியலில் இடம்பெற்றன. சிலவற்றை அவர் அழிந்துபட்ட இனங்களாகக் கருதிக் கர்நூலின் பெயராலேயே அழைத்தார். ஃபூட்டுக்கு இத்துறை புதிதன்று. கர்நாடகத்துக் கோகாக் அருகே சிக்தௌலி என்னுமிடத்தில் கிடைத்த காண்டாமிருக எலும்புகளை ஆய்ந்து, தக்காணக் காண்டாமிருகம் எனப் பெயரிட்டு 1874இலேயே அவர் எழுதியிருந்தார்.

தீவுகள் கூறும் செய்தி

குகை ஒரு நாட்டின் பழம்பெட்டகம் எனின், தீவு தனித்து வைக்கப்பட்ட பெட்டகம் எனலாம். ஃபூட்டுக்குப் பின் வந்த டொரத்தியா பேட் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1901 முதல் சைப்ரஸ், கிரீட் முதலிய மத்தியதரைக்கடல் தீவுகளின் குகைகளைத் தேடிக் குள்ள யானை, குள்ள நீர்யானை ஆகியவற்றின் எலும்புகளைக் கண்டார். உணவு குறைந்து பகை விலங்கும் இல்லாத தீவில் பேருருவம் சிற்றுருவமாகிவிடுகின்றது. நம் அண்டைத் தீவாகிய இலங்கையில் இரத்தினபுரி மாணிக்கச் சுரங்கங்களின் சரளையிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எச்சங்களை டெரணியகல என்னும் அறிஞர் விளக்கினார். இம்மூன்றும் இன்று அத்தீவின் காடுகளில் இல்லை.

பிற்கால ஆய்வு

ஃபூட் கண்டவை யாவும் அப்படியே நிலைத்துவிடவில்லை. பில்லசுர்க்கத்தில் கிடைத்த எலும்புத் துண்டுகள் பலவற்றை மனிதன் செய்த கருவிகள் என அவர் கருதினார். அவை விலங்கு கடித்த துண்டுகளாக இருக்கலாம் எனப் பின்வந்தோர் ஐயுற்றனர். 1970களில் அதே வட்டாரத்துக் குகை ஒன்றில் நடந்த அகழ்வில் எலும்புக் கருவிகள் கிடைத்தபோது அவர் கருத்து வலுப்பெற்றது.

இந்நூற்றாண்டில் பில்லசுர்க்கம் மீண்டும் அகழப்பட்டு, 2014இல் முடிவுகள் வெளிவந்தன. இனங்காணப்பட்ட 21 பாலூட்டி வகைகளுள் 20 வகைகள் குறைந்தது ஓரிலட்சம் ஆண்டுகளாக, பெரும்பாலானவை இரண்டிலட்சம் ஆண்டுகளாக, இந்தியத் துணைக்கண்டத்தில் தொடர்ந்து வாழ்ந்துள்ளமை தெளிவாயிற்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பேருருவ விலங்குகள் பல அடியோடு அழிந்த காலத்தில், நம் நாட்டு விலங்குகள் சில இடங்களில் மறைந்தும் வேறிடங்களில் ஒதுங்கியும் உயிர் பிழைத்தன. மதுரைக்கு அணித்தாகிய கீழடியிலும் நீலமான், வெளிமான் ஆகியவற்றின் எலும்புகள் இனங்காணப்பட்டதாக 2019ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. வைகைக் கரையில் இன்று அவ்விரண்டையும் காண்பதற்கில்லை.

இயற்கையின் பெருமாற்றங்களைத் தாங்கிய விலங்கு, ஒதுங்க இடமின்றிப் போனால் என்னாகும் என்பதே இவ்வாய்வு நம்முன் வைக்கும் வினா.

இறுதிக் காலமும் கொடையும்

ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வாழ்ந்த ஃபூட், தம் வாழ்நாள் தொகுப்பை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு அளித்து அதற்கான விலையைப் பெற்றார். சுமார் 450 இடங்களில் திரட்டிய பொருள்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றும் எங்குக் கிடைத்தது என்பதை முறையாகக் குறித்து அவர் ஆக்கிய விளக்கப் பட்டியல் அவர் மறைவுக்குப்பின் 1914இல் அச்சேறியது. அதன் தொடர்ச்சி 1916இல் வெளிவந்தது. 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் இயற்கை எய்தினார். ஏற்காட்டுத் தேவாலய வளாகத்தில் அவர் நினைவுச் சின்னம் உள்ளது.

நாம் கொள்ளத்தக்கது

ஃபூட்டின் முடிவுகளுள் சில திருத்தப்பட்டன. இன்னும் சில திருத்தப்படலாம். அவர் இடத்தைத் துல்லியமாகக் குறித்து வைத்ததனாலேயே பிறர் மீண்டும் அங்குச் சென்று திருத்த முடிந்தது. பின்வருவோர் சரிபார்க்க வழிவைத்துச் செல்வதே ஆய்வாளனின் நேர்மையாகும். இஃது ஏட்டுச்சுவடி ஆய்வுக்கும் கல்வெட்டு ஆய்வுக்கும் பொருந்தும்.

ஆயின் திரும்பிச் செல்ல அவ்விடம் இருத்தல் வேண்டும். மேலூர் வட்டாரத்தில் கல்லுக்காகக் குன்றுகள் பல உடைக்கப்பட்டதை நாம் கண்ணாரக் கண்டோம். அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது ஆறுதல் தருகின்றது. நம் மாணவச் செல்வங்கள் தத்தம் ஊர்க் குன்றையும் கண்மாயையும் ஒருமுறை நடந்து பார்த்துக் கண்டதையும் கண்ட இடத்தையும் நாளையும் குறித்து வைப்பார்களாக. உடைந்த குன்றின் வரலாற்றை எந்த அறிஞராலும் மீட்டெடுக்க இயலாது.