குறி போட்டு அச்சடித்த நாவலர்

கம்ப்யூட்டர் பிரிவுக்காரன் தமிழ்ப் புலவரைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். அவருக்கும் நம்ம லேபுக்கும் சம்பந்தம் இருக்கு.

ஆறுமுக நாவலர் 1822 டிசம்பர் 18 அன்று யாழ்ப்பாணம் நல்லூரில் பிறந்தார். அப்பா கந்தப்பிள்ளை, அம்மா சிவகாமி. மெதடிஸ்ட் பாதிரிமாரின் ஆங்கிலப் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரானார். பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கியபோது துணைநின்றார். 1848-ல் வண்ணார்பண்ணையில் சொந்தமாகச் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைகளுக்குப் புத்தகம் வேணுமே? 1849-ல் சென்னை வந்து அச்சு இயந்திரம் வாங்கினார். அந்தப் பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் பட்டம் கொடுத்தது.

அதுவரை நூல்கள் பெரும்பாலும் ஏட்டில். புள்ளி குத்தினால் ஓலை கிழியும், அதனால் புள்ளி வைப்பதில்லை. சொல்லுக்கு நடுவே இடமும் கிடையாது. உரைக்குள்ளே வேறு நூலின் வரி வந்தால் அது எங்கே முடியுது? என்று, என்றார், என்பது மாதிரியான சொற்களே வேலி. புதுச்சத்திரத்தில் எங்கம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் சந்தையில் நாலு பேர் பேசியதை வந்து சொன்னால், ஒவ்வொருத்தர் பேச்சும் முடிகிற இடத்தில் ஒரு ன்னு கரெக்டாக விழும்.

கண்ணால் படிப்பவனுக்கு அது போதாது. நாவலர் சொல் பிரித்து, நிறுத்தக்குறிகள் இட்டு அச்சடித்தார். 1852-ல் பெரியபுராண வசனம், 1861-ல் திருக்குறள் பரிமேலழகர் உரை.

கம்ப்யூட்டருக்கோ குறியைத் தவிர எதுவுமே தெரியாது. ஸ்ட்ரிங்குக்குள் இன்னொரு மேற்கோள்குறி வந்தால், அங்கேயே பேச்சு முடிஞ்சதுன்னு நினைச்சுக்கும். அதற்குத்தான் குறிக்கு முன்னால் பேக்ஸ்லாஷ். ரெகுலர் எக்ஸ்பிரஷன் வைத்து மாற்றும்போது பேக்ஸ்லாஷ், மேற்கோள்குறி இரண்டையும் ஒரே தேடலில் பிடிக்கணும். குறியை முதலில் மாற்றிவிட்டுப் பிறகு பேக்ஸ்லாஷுக்குப் போனால், நாம் போட்டதே இரட்டிப்பாகி, குறி மறுபடி காவலில்லாமல் நிற்கும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. சாதி ஆசாரத்தில் நாவலர் பழைமைக்காரர். படிப்பு எட்டிப் பார்க்காத வீட்டுப் பையனான என்னை அவர் பள்ளியில் உட்கார வைத்திருப்பாரா? சந்தேகம்தான். அச்சுப் புத்தகம் மட்டும் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் கைக்கு வந்துவிட்டது.

1864-ல் சிதம்பரத்திலும் பள்ளி வைத்தார். 1876, 77 பஞ்சத்தில் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1879 டிசம்பர் 5-ல் காலமானார். 57 வயது நிறைய 13 நாள் பாக்கி.