வழக்கைக் காட்டி வாயை மூடலாமா? நடேசன் கியூ.சி. காட்டிய வழி

மட்டக்களப்பு வாவிக்கரை நிரப்பப்படுவது பற்றிக் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் தேநீர்க் கடைகளில் எல்லோரும் பேசுவார்கள். பெயர் போட்டு எழுதச் சொன்னால் பலர் பின்வாங்குவார்கள். காரணம் எனக்குத் தெரியும். இது பற்றி நான் எழுதிய ஒரு சிறு குறிப்புக்கே பெருந்தொகை நட்டஈடு கேட்டுச் சட்டத்தரணியின் கடிதம் வந்தது. அதன் பிறகுதான் எஸ். நடேசன் கியூ.சி. அவர்களின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

1904இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த நடேசன், நாட்டின் தலைசிறந்த சட்டத்தரணிகளில் ஒருவர். செனட் சபையிலும் உறுப்பினராக இருந்தவர். 1971 கிளர்ச்சிக்குப் பின் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் தடுத்து வைக்கப்பட்டபோது, அவர்களது உரிமைக்காகக் குரல் கொடுத்த சிவில் உரிமைகள் இயக்கத்தின் முன்னோடிகளில் அவரும் ஒருவர். அநீதிக்கு ஆளானவர் எந்த இனம் என்று அவர் பார்க்கவில்லை.

பாராளுமன்றத்தில் பேசியதற்காக ஓர் உறுப்பினர் மீது வழக்குத் தொடர முடியாது. 1953ஆம் ஆண்டின் சிறப்புரிமைச் சட்டம் அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. 1978 பெப்ரவரியில் அச்சட்டம் அவசரமாகத் திருத்தப்பட்டு, பாரதூரமான சிறப்புரிமை மீறல்களைத் தண்டிக்கும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கே வழங்கப்பட்டது. உடனடியாக, ஒரு படத்துக்குத் தவறான குறிப்பு வெளியிட்டதற்காக 'ஒப்சேவர்' பத்திரிகையாளர் இருவருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது.

முறைப்பாடு செய்பவரும் நீதிபதியும் ஒருவரே ஆகலாமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. நடேசன் 'சன்' பத்திரிகையில் இதனை விமர்சித்து எழுதினார். விளைவு, சிறப்புரிமையை மீறினார் என்று சட்டமா அதிபர் அவர் மீதே உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1980இல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. அப்போது அவருக்கு வயது 76. 1986இல் அவர் காலமானார்.

பாராளுமன்றத்தின் அந்தத் தண்டிக்கும் அதிகாரம் 1997இல் நீக்கப்பட்டது. 2002இல் குற்றவியல் அவதூறுச் சட்டமும் ஒழிந்தது. ஆனால் நட்டஈடு கோரும் சிவில் வழக்கு இன்றும் ஆயுதமாகவே இருக்கிறது. வழக்குப் போடுபவருக்கு வெல்லும் நோக்கம் இருக்க வேண்டியதில்லை. ஆண்டுக் கணக்கில் நீதிமன்றத்துக்கு அலைய வைத்தாலே போதும். நடேசனுக்குச் சட்டம் தெரிந்திருந்தது, துணை நிற்கச் சக சட்டத்தரணிகள் இருந்தார்கள். வாவியில் வலை வீசும் மீனவருக்கு யார் இருக்கிறார்கள்?

கலிபோர்னியா 1992இலும், ஒன்ராறியோ 2015இலும் இதற்கென்றே சட்டம் இயற்றின. பொதுநலப் பேச்சை அடக்கப் போடப்படும் வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்யவும், செலவை வழக்காளியிடமே அறவிடவும் அச்சட்டங்கள் வழிசெய்கின்றன. இலங்கையில் அவ்வாறான சட்டம் இல்லை. பொய் சொல்லி ஒருவரது மானத்தைக் கெடுப்பவருக்கு நான் பாதுகாப்புக் கேட்கவில்லை. உண்மை பேசுபவரின் வாழ்வாதாரம் வழக்குச் செலவில் கரையக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

எமது மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் சபையில் அச்சமின்றிப் பேசுகிறார்கள். அந்தப் பாதுகாப்பில் ஒரு பங்கையாவது தமக்கு வாக்களித்த மக்களுக்கும் பெற்றுத் தருவார்களா?