எட்வார்ட் லூக்கா

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பர். சிற்றெண்ணாயின் பாலனும் சோதித்துவிடுவான். முப்பத்தொன்பது இலக்கங்கள் கொண்ட எண்ணையோ ஒவ்வொன்றாய் வகுத்துப் பார்க்க மனித ஆயுள் போதாது. அதற்கு வழி கண்டவர் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

லூக்கா 1842-இல் பிரான்ஸ் தேசத்து அமியேன் நகரில் பிறந்தார். பாரிஸ் வானாராய்ச்சிக் கூடத்தில் சில காலம் உத்தியோகம் பார்த்தார். 1870-இல் பிரஷ்யாவுடன் யுத்தம் மூண்டது. பீரங்கிப் படையில் அதிகாரியாய்ப் பணியாற்றினார். தாய்நாடு தோற்றது. திரும்பி வந்தவர் மூலேன் பட்டணத்திலும், பின்னர் பாரிஸிலும் பிள்ளைகளுக்குக் கணிதம் போதித்தார்.

மெர்ஸேன் என்னும் பாரிஸ் துறவி 1644-இல் ஒரு பட்டியல் பிரசுரித்திருந்தார். இரண்டை 67 முறையோ, 127 முறையோ, 257 முறையோ அடுக்கிப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண்ணே வருமென்பது அதில் அடங்கும். நிரூபணம் ஏதும் அவர் தரவில்லை. பெரியவர் வாக்கென்று உலகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அதைச் சுமந்து வந்தது!

லூக்காவின் முறையை 127 என்னும் சிற்றெண்ணில் காட்டுவோம். இரண்டை ஏழு முறை அடுக்கி ஒன்று கழித்தால் 127. மூன்றில் தொடங்கி, வர்க்கித்து இரண்டைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். 127-ஐ மிஞ்சினால் அதனால் வகுத்து மீதியை மட்டும் கொள்ள வேண்டும். 3, 7, 47, 48, 16 என வந்து, ஆறாவதாக 254 வருகிறது. அது 127-இன் இருமடங்கு, மீதி சூன்யம். ஆகவே 127 பகா எண். அடுக்கு தானும் பகா எண்ணாய், நான்கால் வகுக்க மூன்று மீதி தருவதாயின் இவ்வழி செல்லும். அடுக்குக்கு ஒன்று குறைந்த இடத்தில் சூன்யம் வர வேண்டும்.

1876-இல் அவர் 127-ஆம் அடுக்கையே சோதித்தார். யந்திரமின்றி, 126-ஆம் இடம் வரை கணக்கிட்டார். 170141183460469231731687303715884105727 பகா எண்ணே என்று முடிந்தது. ஆனால் 67-ஆம் அடுக்கில் துறவியின் வாக்குப் பொய்த்தது. எவ்வெண்களால் வகுபடுமென அறியாமலே, வகுபடும் என்று மட்டும் லூக்கா உரைத்தார். 1903-இல் கோல் என்னும் அமெரிக்கர் 193707721, 761838257287 என்னும் இரு காரணிகளையும் கண்டார்.

1883-இல் லூக்கா ‘ஹனோய் கோபுரம்’ என்ற விளையாட்டை வெளியிட்டார். பிரெஞ்சுப் படை டோங்கினை விழுங்கிக்கொண்டிருந்த வருஷம் அது. வேடிக்கைக்குப் பெயர் கிடைத்த இடத்தைப் பாருங்கள்! காசிக் கோயிலில் பிராமணர்கள் அறுபத்து நான்கு பொற்றட்டுகளை நகர்த்துவதாகவும் கதை கட்டப்பட்டது. அப்படியொரு கோயில் காசியில் இல்லை. ஆனால் கணக்கு மெய். நகர்த்த வேண்டிய தடவைகள் இரண்டின் 64-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு.

1891-இல் ஒரு விருந்தில் பீங்கான் உடைந்து சில்லொன்று அவர் கன்னத்தைக் கிழித்தது. அப்புண் விஷமாகிச் சில நாட்களில் மரித்தார், வயது 49.

அவர் கண்ட எண்ணை மிஞ்சிய பகா எண் 1951 வரை எவருக்கும் அகப்படவில்லை. அவர் முறையை 1930-இல் லேமர் என்னும் அமெரிக்கர் செப்பனிட்டார். 2024-இல் நாலு கோடியே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட பகா எண்ணொன்று அகப்பட்டபோது, யந்திரங்கள் அதை உறுதி செய்ததும் அச்சோதனையாலேயே.