தண்ணீரும் மண்ணுமே மருந்தாக



1809இல் சாஸ்தான்கோவில்விளையில், பொன்னு நாடார், வெயிலாள் அம்மை தம்பதியருக்கு ஒரு மகன் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைக்கு முடிசூடும் பெயர் ஆகாது என்று மேல்சாதியார் தடுத்ததால் முத்துக்குட்டி என்று அழைக்கப்பட்டார்.

வாலிபத்தில் கடும் நோய் அவரை வாட்டியது. அன்னை வெயிலாள் மகனைத் திருச்செந்தூருக்குக் கொண்டு சென்றார். அங்கே கடலுக்குள் சென்றவர், கொல்லம் 1008 மாசி 20இல், அதாவது 1833இல், வைகுண்டராய் வெளிவந்தார் என்று அகிலத்திரட்டு அம்மானை உரைக்கிறது. பின் பூவண்டன்தோப்பில், இன்றைய சாமித்தோப்பில், ஆறு வருடம் தவம் இருந்தார்.

அக்காலத் திருவிதாங்கூரில் ஏழைகள் தலைக்கும் வரி கட்டினர். கூலியில்லா ஊழியமும் செய்தனர். நோய் வந்தால் மந்திரவாதிக்குக் காசு, பேய்க்கு ஆடு, கோழி. நோய் தீர்வதற்குள் வீட்டில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிடும்.

இப்படிக் கைப்பொருள் இழந்து வந்தவர்களுக்கு அய்யா கொடுத்த மருந்து தண்ணீரும் மண்ணும்தான். மண்ணை நெற்றியில் இட்டார். தண்ணீரைப் பதமாகக் குடிக்கச் செய்தார். அவர் ஏடு படித்துப் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். அரசரிடம் அனுமதி கேட்டவரும் அல்லர். நோயாளியிடம் ஒரு சல்லிக்காசும் வாங்கவில்லை. காணிக்கையும் கைக்கூலியும் கேட்கலாகாது என்பதைத் தம் மக்களுக்கும் கட்டளையாக வைத்தார். விலை சொல்ல முடியாத பொருளையே மருந்தாக்கியதால், கடன்பட்டவனும் கையேந்துபவனும் கூசாமல் வந்து நின்றார்கள்.

பொதுக்கிணற்றைத் தொட உரிமையில்லாத மக்களுக்கு முத்திரிக்கிணறு பொதுவானது. பல சாதியாரும் அங்கே ஒன்றாகக் குளித்தார்கள். அதே தண்ணீரைக் குடித்தார்கள். உடம்பின் நோயோடு தீட்டு என்னும் நோய்க்கும் அங்கேதான் மருந்து கிடைத்தது.

கூட்டம் பெருகியது. அரசர் சுவாதித் திருநாளிடம் புகார் போயிற்று. அய்யாவைப் பிடித்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் வைத்தார்கள். 110 நாட்கள் கழிந்தன. தம் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்வதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றார்கள். அய்யா அதற்கு இணங்கவில்லை. ஒரே தண்ணீரை எல்லாருக்கும் கொடுத்தவர், மக்களை எப்படிப் பிரிப்பார்? நிபந்தனைக்குக் கட்டுப்படாமலே வெளிவந்து, தர்மத்தைத் தொடர்ந்தார். 1851இல் வைகுண்டம் ஏகினார்.

இன்றும் பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் நெற்றிக்குத் திருநாமமும் குடிக்கப் பதமும் கொடுக்கப்படுகின்றன. அதைக் கொடுக்கும் கை, வாங்குபவர் யார், என்ன கொண்டுவந்தார் என்று பார்க்கலாகாது. துன்பத்தில் வந்தவரிடம் கணக்குப் பார்த்தால் அது அய்யா காட்டிய வழி ஆகாது. தாழ்ந்தாரைத் தாங்குவதே அன்புக்கொடி மக்களின் தர்மம்.

அய்யா துணை.