குறித்து வைத்துக் கற்ற தமிழ்த் தாத்தா



தமிழ்த் தாத்தா என்று தமிழுலகம் போற்றும் உ. வே. சாமிநாதையரின் பெயரை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். கறையானுக்கு இரையாகிக் கொண்டிருந்த பழந்தமிழ் நூல்களைத் தேடி எடுத்து அச்சேற்றியவர் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆயின், அப்பெரும்பணிக்கு வேண்டிய அறிவை அவர் எவ்வாறு பெற்றார் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. செந்தூலிலும் தோட்டப்புறங்களிலும் வாழும் நம் பிள்ளைகளுக்கு இன்று பெரிதும் வேண்டுவது அந்தச் செய்தியே ஆகும்.

கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த எளிய குடும்பம் ஒன்றில், 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைப்புலவர். பிழைப்பின் பொருட்டு அக்குடும்பம் ஊர் ஊராக இடம்பெயர நேர்ந்தது. அரியலூர், குன்னம், காரை என்று தங்கிய இடந்தோறும், அங்கிருந்த தமிழறிஞரை நாடிச் சிறுவர் பாடங்கேட்டார். ஓரிடத்தில் நிலையாக இருந்து படிக்க முடியவில்லையே என்று அவர் கல்வியைக் கைவிடவில்லை.

1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் செய்யுள் இயற்றுங்கால் பாடல்களை வாயால் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் ஒருவர் எழுத்தாணி கொண்டு ஓலையில் எழுதி வருவார். சாமிநாதையரும் அவ்வாறு எழுதினார். கேட்டதைப் பிழையின்றி எழுத வேண்டுமானால் காது, கை, கருத்து ஆகிய மூன்றும் ஒருங்கே விழித்திருக்க வேண்டும். 1876இல் ஆசிரியர் மறையும்வரை இப்பயிற்சி அவருக்குக் கிட்டியது.

1880இல், தமது 25ஆம் வயதில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் அவ்வூர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவினார். தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என நீண்ட பட்டியலை ஐயர் சொன்னார். முதலியாரோ வியக்கவில்லை. இவற்றிற்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அந்நூலைப் படித்திருக்கவில்லை.

கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு இது எத்துணைப் பெரிய சோதனை! தமக்கு எல்லாம் தெரியும் என்று அவர் வாதாடியிருக்கலாம்; முகஞ்சுளித்து வீடு திரும்பியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொண்டு, முதலியார் தந்த கையெழுத்துப் பிரதியைப் பெற்று வந்து, மீண்டும் மாணவரானார்.

அந்நூல் எளிதில் விளங்கவில்லை. அதற்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் பற்பல பழம்பாடல்களின் அடிகளை மேற்கோளாகக் காட்டியிருந்தார். அவை எந்த நூலின் அடிகள் என்று பல இடங்களில் சொல்லவில்லை. புரியாத இடத்தைத் தாண்டிச் செல்லும் பழக்கம் ஐயருக்கு இல்லை. அவ்வடிகளைக் குறித்து வைத்துக்கொண்டார். பின்னர்த் திருவாவடுதுறை மடத்திலிருந்து கிடைத்த பழைய சுவடிகளைப் புரட்டியபோது, தாம் குறித்து வைத்த அடிகள் அவற்றில் இருக்கக் கண்டார். பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அவருக்கு இவ்வாறே அறிமுகமாயின. தெரியாதவற்றைக் குறித்து வைத்த குறிப்பே புதையலுக்கு வழிகாட்டியது.

சிந்தாமணி சமண சமயக் காப்பியம். அச்சமயக் கொள்கைகளை ஐயர் அறியார். கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்கின்றனர் எனக் கேள்வியுற்று அவர்கள் இல்லம் நாடிச் சென்றார். அங்கே சிந்தாமணியைப் படித்து முடித்த விழா நடைபெற்றுக் கொண்டிருந்தது! தாம் பிறந்த சமயம் வேறாயினும், தமக்கு விளங்காத செய்திகளை அவர்களிடம் கேட்டுத் தெளிந்தார். அறிந்தவர் யாராயினும் அவரை ஆசிரியராகக் கொள்ளும் பணிவு அவரிடம் இருந்தது.

ஏட்டுச் சுவடிகளைப் படிப்பது எளிதன்று என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். அவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டப்பட்டிராது. பாட்டும் உரையும் அடிபிரியாமல் தொடர்ந்து ஓடும். ஆதலின் ஐயர் ஒரே நூலின் பல படிகளைத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வேறுபாடுகளை எழுதி வைத்தார். நூல்களில் வரும் சொற்களையும் செய்திகளையும் அகரவரிசைப்படுத்தி அகராதிகள் அமைத்தார். இத்தகைய உழைப்பின் பயனாகச் சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அச்சாகி வெளிவந்தன.

குறிஞ்சிப்பாட்டு என்னும் பழம்பாட்டில் மலர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஐயருக்கு முதலில் கிடைத்த ஏட்டில் சில பெயர்கள் சிதைந்து போயிருந்தன. அவர் ஊகித்து எதையேனும் எழுதி நிரப்பவில்லை. தருமபுரம் மடத்தின் சுவடிகளிடையே தேடி, விடுபட்ட பெயர்களைக் கண்டெடுத்தார். மற்றோர் ஊரின் நிகழ்ச்சி கண்ணீரை வரவழைப்பது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகளைத் தேடிச் சென்ற அவருக்கு, பழுதுபட்ட சுவடிகள் யாவும் தீயில் இடப்பட்டுவிட்டன என்ற செய்தியே கிடைத்தது. எழுதி வைத்தவை வாழ்ந்தன. படி எடுக்காதவை அழிந்தன.

ஐயர் சிந்தாமணியை ஆராய்ந்து கொண்டிருந்த 1886ஆம் ஆண்டில், இங்கே கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரை இரயில் பாதை திறக்கப்பட்டது. அத்தகைய பாதைகளிலும், பின்னர்ச் செந்தூல் இரயில்வே பட்டறையிலும், பால்மரக் காடுகளிலும் நம் முன்னோர் வியர்வை சிந்தினர். அவர்களுள் பலர் எழுத்தறியாதவர்கள். தம் மக்களேனும் கற்க வேண்டும் என்று விரும்பியே பள்ளிகளைக் காத்தனர். அவர்கள் காத்துத் தந்த பள்ளியில் நாம் எவ்வாறு படிக்கின்றோம்?

இவ்விடத்து எம் குறை ஒன்றையும் மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், கரும்பலகையில் உள்ளதை அழகாகப் பார்த்து எழுதும் பிள்ளையே நன்றாகப் படிக்கும் பிள்ளை என்று கருதியிருந்தோம். ஒரு நாள், மிகத் தூய்மையான நோட்டுப் புத்தகம் வைத்திருந்த மாணவி ஒருத்தியை அழைத்து, அன்று எழுதியதன் பொருளைக் கேட்டோம். அவள் தலைகுனிந்து நின்றாள். அந்தக் குற்றம் அவளுடையதன்று, எம்முடையது. புரிந்துகொள்ளும் முன்பே எழுதப் பழக்கியவர் நாமே. அன்று முதல், எழுதிய ஏட்டை மூடிவைத்துவிட்டு, கற்றதைச் சொந்தச் சொற்களில் சொல்லச் செய்த பின்னரே அடுத்த பாடத்திற்குச் செல்வதை வழக்கமாக்கிக் கொண்டோம்.

மாணவர்களே! ஐயரின் வாழ்விலிருந்து நாம் கொள்ள வேண்டியவை சிலவே. பாடத்தைக் கவனமாகக் கேளுங்கள். விளங்கியதைச் சுருக்கமாக உங்கள் சொல்லில் எழுதுங்கள். விளங்காத சொல்லையும் கணக்கையும் தனி ஏட்டில் குறித்து, அன்றோ மறுநாளோ ஆசிரியரிடம் கேளுங்கள். அறிந்த புதுச்சொற்களை அகரவரிசையில் சேர்த்து வாருங்கள். வாரம் ஒருமுறை அவ்வேட்டைத் திருப்பிப் பாருங்கள். தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

பெற்றோர்களே! எமக்குப் படிப்பில்லையே, பிள்ளைக்கு எவ்வாறு உதவுவோம் என்று கலங்க வேண்டா. வேலை முடிந்து வீடு திரும்பியதும், இன்று என்ன கற்றாய், எது விளங்கவில்லை என்று கேளுங்கள். இவ்விரு கேள்விகளைக் கேட்க எழுத்தறிவு தேவையில்லை. அன்பும் கால் மணி நேரமும் போதும். 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டதால் படிப்பின் சுமை குறைந்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது. தேர்வு இல்லாதபோதுதான் தாமே கற்கும் பழக்கம் மேலும் வேண்டப்படுகிறது.

சாமிநாதையர் முதுமையிலும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. எண்பத்தைந்தாம் வயதளவில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கி, அது முற்றுப்பெறும் முன்னரே 1942 ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார். அவர் தேடிச் சேர்த்த சுவடிகளைச் சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூல் நிலையம் காத்து வருகின்றது.

அப்பெரியார் நமக்காகச் சுவடி தேடி அலைந்தார். நமக்கு நூலும் உண்டு, ஏடும் உண்டு, கேட்டால் சொல்லித்தர ஆசிரியரும் உண்டு. இன்று மாலையே ஒரு சிறு குறிப்பேட்டைத் திறந்து, உங்களுக்கு விளங்காத ஒன்றை முதல் வரியில் எழுதுங்கள். நாளைக் காலை அதனோடு எம்மிடம் வாருங்கள், உங்களுக்காகக் காத்திருப்போம்.

வளர்க கல்வி! வாழ்க தமிழ்!